தொம்மையின் ஒன்பது ஃபைல்கள்

தூத்துக்குடியில் கெட்டுப்போன டிஸ்க்குகளை மீட்டுத் தரும் அந்த மாடி அறையில் அன்றைக்கு மதியம் இரண்டு இருபதுக்கு இருந்தவர்கள் மூன்று பேர். மேசைக்குப் பின்னால், முதுகைச் சுவருக்குக் கொடுத்து ஜெப்ஸி. அவளுக்கு இடதுபக்கம், சன்னலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் விஜிலா, மடியில் ஈரக்குடை. விஜிலாவின் அண்ணன் கிளைட்டனுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அவன் அதில் உட்காரவில்லை. படிக்கட்டு வந்து முடிகிற வாசலில், தரையில், வலது காலை நிலைச்சட்டத்தில் உதைத்துக்கொண்டு படிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று ஜெப்ஸிக்கு அப்போது தெரியாது.

மேசை நடுவில், நான்காக மடித்த துண்டின் மேல், ஹார்ட் டிஸ்க்.

எந்த வேலையையும் ஜெப்ஸி நோட்டில் எழுதித்தான் தொடங்குவாள். நாள், நேரம், கொண்டுவந்தவர் பெயர், பொருளின் நிலை. நாசரேத்தில் படித்த காலத்திலிருந்து வந்த பழக்கம். பதினான்கு நவம்பர் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"மொத்தம் எத்தன ஃபைல் ஏத்துனீங்க அண்ணே?"

"ஒம்போது" என்றான் கிளைட்டன்.

டிஸ்க்கை இணைத்தாள். உள்ளே தகடு சுழல ஆரம்பித்தது. மெல்லிய இரைச்சல், அதற்கடியில் மணலை அரைப்பதுபோல் ஒரு கரகரப்பு. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன, எல்லாம் நீல எழுத்தில். இடத்தை மிச்சம்பிடிக்க அமுக்கி வைத்த ஃபைல்களின் பெயரை கம்ப்யூட்டர் நீலத்தில்தான் காட்டும். ஜெப்ஸி விரல் வைத்து எண்ணினாள். திரும்ப ஒருமுறை எண்ணினாள்.

"பத்து இருக்கே."

"ஒம்போதுதான் மேடம். நாந்தான ஏத்துனேன்."

"அடிபட்ட டிஸ்க்குல இப்படி ஒண்ணு ரெண்டு கூடக்கொறயக் காட்டும்" என்றாள். நோட்டில் பத்து என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

விஷயத்தை விஜிலா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள். அவள் புருஷன் தொம்மை, புன்னைக்காயல்காரன், சங்கு குளிக்கிற தொழில். அக்டோபர் மூன்றாம் தேதி காலையில் கடலுக்குள் இறங்கினவன் ஏறவில்லை. வள்ளத்திலிருந்த கம்ப்ரஸர் மிஷின் குழாய் வழியாகக் காற்று அனுப்பும். அதை வாயில் கவ்விக்கொண்டு பதினைந்து பாகம், தொண்ணூறு அடி ஆழத்தில் நடந்து சங்கு பொறுக்குவார்கள். எந்தப் பாரில், கடலடிப் பாறைத் திட்டில், சங்கு கிடக்கிறது என்று பார்க்க, வள்ளக்காரர் நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன கேமராவும் கொடுத்திருந்தார். இடுப்பில் ஒரு கயிறு. மேலே அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவன் கிளைட்டன். கொஞ்ச நேரத்தில் கயிறு கனமில்லாமல் வந்தது. ஆள் இல்லை. கயிற்று நுனியில் கேமரா இருந்தது. சிக்கிக்கொண்டு வரவில்லை. நல்ல முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

அந்த முடிச்சுதான் விஜிலாவின் தலையில் விழுந்த கல்.

"அவியளே அவுத்து, கேமராவக் கட்டி அனுப்பிட்டு நீந்திப் போயிட்டாவளாம்" என்றாள் விஜிலா, சன்னலைப் பார்த்துக்கொண்டே. "இலங்கையில வேற வீடு இருக்காம். கற்பிட்டியில கடை வச்சிருக்காவளாம். தண்ணி எடுக்கப் போற எடத்துல என் காதுபடவே சொல்லுதாளுவ. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரி ஏத்துச்சுக்கா. நான் எங்க போயி ஏத்த? கல்லறையும் இல்ல, வீட்டுல ஆளும் இல்ல."

உடல் கிடைக்காததால் இறந்ததாகப் பதிவு செய்ய மாட்டோம் என்றார்கள். ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும், அல்லது ஆதாரம் வேண்டும். சென்னையிலிருக்கும் விசாரணை அதிகாரி கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார்: வீடியோவை மீட்டு, அதில் இருப்பது என்ன என்று தொழில் தெரிந்த ஒருவர் கையெழுத்தும் சீலும் போட்டு எழுதித் தரட்டும், நாளை மறுநாள் கோப்பை மூடுமுன் கடிதம் வந்து சேரட்டும். ஆகவே இன்றைக்கு ஐந்து மணிக்குள் ஸ்பீட் போஸ்ட் போயாக வேண்டும்.

"கேமராவுல ஒரு கார்டு இருந்திருக்குமே" என்று ஜெப்ஸி போனிலேயே கேட்டிருந்தாள்.

இருந்தது. மறுநாளே அழித்து வேறொரு ஆளுக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சமிருப்பது கிளைட்டன் அன்று சாயங்காலம் டிஸ்க்கில் ஏற்றியதுதான். டிஸ்க் நிரம்பியிருந்தது. யாரோ சொல்லிக்கொடுத்ததை நினைத்துக்கொண்டு, அமுக்கி வை என்று கேட்கும் சின்னக் கட்டத்தில் அவன் டிக் போட்டான். அமுக்கிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது.

ஜெப்ஸிக்கு ஒரு விதி உண்டு. கெட்ட டிஸ்க்கில் கைவைக்கக் கூடாது. முதலில் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். ரிப்பேர் எல்லாம் நகலில்தான். அமுக்கின ஃபைல்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அமுக்கும்போது பதினாறு துண்டை ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது. அதில் ஒரு துண்டு கெட்டால் கட்டு முழுவதும் வாயைத் திறக்காது. பதினோரு வருஷத் தொழிலில் அவள் இந்த விதியை மீறியதில்லை.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு நகலெடுக்க ஆரம்பித்தாள். வெளியே மழை வலுத்தது. ஐப்பசி மழை, துறைமுகத்துப் பக்கமிருந்து சாய்ந்து வந்து தகரக் கூரைகளை அடித்து, நிலக்கரித் தூசியையும் மீன் வாடையையும் ஒன்றாக நனைத்து, சன்னல் கம்பி வழியாக உள்ளே தள்ளியது. பகல் மூன்று மணிக்கே ட்யூப்லைட் போட வேண்டியிருந்தது. பதினோரு சதவீதத்தில் நகல் நின்றது.

டிஸ்க் தட்டியது.

டொக்.

சற்றுப் பொறுத்து, டொக் டொக் டொக்.

படிக்கும் முள் கெட்ட இடத்தில் சறுக்கித் திரும்பினால் இந்தச் சத்தம் வரும். ஜெப்ஸி ஆயிரம் தடவை கேட்டது. ஆனால் அது ஒழுங்கில்லாமல் வரும், இருமுகிற ஆள் மாதிரி. இது எண்ணி வந்தது. ஒன்று. இடைவெளி. மூன்று. மறுபடியும் ஒன்று. இடைவெளி. மூன்று.

வாசலில் கிளைட்டனின் இரண்டு கையும் மடியிலிருந்து எழும்பி, இல்லாத எதையோ பிடித்தன.

"என்னண்ணே?"

அவன் கைகளைக் கீழே போட்டான். "ஒண்ணுமில்ல மேடம்."

நகல் வராது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நிலைமையை விஜிலாவிடம் சொன்னாள். சென்னைக்கு அனுப்பித் திறந்து பார்க்கலாம், இருபது நாள் ஆகும். இல்லையென்றால் இங்கேயே, இந்த டிஸ்க்கிலேயே நேராக ரிப்பேர் ஓட்டலாம். பிழைகளைத் திருத்தத் திருத்த, கிடைக்கும் துண்டுகளை அவளுடைய கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டே போகும். ஆனால் தொடங்கினால் நிறுத்தக்கூடாது. பாதியில் விட்டால் கிடைத்ததும் போகும், கிடைக்காததும் போகும்.

"நான் இதுவரைக்கும் இப்படிச் செஞ்சது இல்லம்மா."

"இருபது நாள்ல என்னத்தக்கா செய்ய? நாளன்னைக்கு மூடிருவாவ."

ஜெப்ஸி கட்டளையை அடித்து வைத்தாள். தொடங்கவா என்று திரை கேட்டு நின்றது. அவள் விரல் என்டரின் மேல் நின்றது, இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். டிஸ்க் தட்டியது. ஒன்று. மூன்று. அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு என்டரை அழுத்தியது. கிளைட்டன் எப்போது எழுந்து வந்தான் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன செஞ்சீங்க!"

அவனும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "தானா வந்துட்டு மேடம். அந்தச் சத்தம் வந்தா இழுத்திரணும். யோசிக்கக்கூடாது."

"எந்தச் சத்தம்?"

"ஒரு இழுப்புன்னா நல்லாருக்கேன். ரெண்டுன்னா கயித்த எளக்கு. மூணுன்னா சங்குப் பையத் தூக்கு." படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணு விட்டு மூணுன்னா, என்னத் தூக்கு."

மணி மூன்று ஆறு. திரையில் ஒரு சதவீதம்.

கயிறு பிடிக்கிறது ஏன் எப்போதும் மச்சான்தான் என்று ஜெப்ஸிக்கு விஜிலாதான் சொன்னாள், வேறெதையோ பேசுகிற குரலில். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது. அதனால் அவன்தான் விடமாட்டான். அப்பாவுக்கு மாமா பிடித்தார். தொம்மைக்கு விஜிலாவின் அண்ணன். "வேற யாரு கையிலயும் குடுக்கக் கூடாதுக்கா. ஒரு நிமிஷம்கூட."

கிளைட்டன் வாசலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்தான். போகிறபோது டிஸ்க்கின் நீளமான கேபிளின் நடுப்பகுதியை மேசையிலிருந்து எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, கைக்குள் வைத்துக்கொண்டான். அதைப் பிடுங்கிவிட வேண்டாம் என்று ஜெப்ஸி சொன்னாள். "விடமாட்டேன்" என்றான் அவன்.

மூன்றரைக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சி நாலு டம்ளர் டீயோடு ஏறி வந்தார்.

"என்ன ஜெப்ஸி, டிஸ்க்குக்குப் பிரசவமா? ஆளாளுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கீய. ஆணா பொண்ணா?"

அவர் டம்ளர்களை வைத்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஏளா, எதும் செத்துக்கிடக்கா இங்கன? சிப்பி அழுகுன மாதிரில்லா நாறுது."

"மழை அண்ணாச்சி. சாக்கடையா இருக்கும்."

"படியெல்லாம் தண்ணி வேற. மேல ஒழுகுதான்னு பாத்தா ஒழுகல. கீழ் மூணு படிதான் நனைஞ்சிருக்கு." வாசலைத் தாண்டும்போது கிளைட்டனின் காலைப் பார்த்தார். "எய்யா, நெலைய ஒடச்சிராத. வீட்டுக்காரன் என்னத்தான் வையுவான்."

அவர் காலடி இறங்கித் தேய்ந்தது. அந்த வாடையை ஜெப்ஸி அதற்கு முன்பே உணர்ந்திருந்தாள். சொல்லவில்லை.

முப்பத்தெட்டு சதவீதத்தில் முதல் ஃபைல் முழுதாக வந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையை விஜிலாவுக்குத் தெரியாமல் திருப்பினாள். பச்சைத் தண்ணீர். தொம்மையின் கைகள், மணல், ஒரு சங்கு. மூலையில் தேதியும் மணியும்: அக்டோபர் மூன்று, 9.22. காதுக்குள் அவன் மூச்சு, குழாய் வழியாக நீளமாக இழுத்து, குமிழிகளாகச் சிதறி, மறுபடி இழுத்து. நிதானமான மூச்சு. வேலை தெரிந்த ஆளின் மூச்சு. ஒவ்வொரு ஃபைலும் பத்து நிமிஷம். அவள் வரிசையாகத் திறந்து, வேகமாக ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனாள். எட்டு வரைக்கும் மணல், சங்கு, மூச்சு.

ஒன்பதாவது, 10.42.

பாதியில் மூச்சு தடுமாறியது. குழாயிலிருந்து காற்று வரவில்லை. தொம்மையின் கை கயிற்றைப் பிடித்து இழுத்தது. ஒன்று. மூன்று. கயிறு அசையவில்லை. மேலே கம்பியில் கட்டியதுபோல் விறைத்து நின்றது. ஒன்று. மூன்று. ஒன்று. மூன்று. பிறகு கை முகத்துக்கு வந்தது. படம் புரண்டது. விரல்கள், முடிச்சு, கயிறு. இப்போது கேமரா கயிற்று நுனியில் தொங்கியபடி கீழே பார்த்தது. கீழே அவன். வாயில் குழாய் இல்லை. ஒரு தடவை கையை உயர்த்தினான், கூப்பிடவா விடைகொடுக்கவா தெரியவில்லை. கயிறு மேலே ஏற ஏற அவன் சிறுத்துக்கொண்டே போனான். அசைவு நின்றது. வாய் திறந்திருந்தது. 10.52க்குப் படம் முடிந்தது.

ஜெப்ஸி ஹெட்போனைக் கழற்றினாள்.

"அவிய ஓடிப்போகலம்மா" என்றாள்.

விஜிலா சத்தமில்லாமல் அழுதாள். குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, வெகுநேரம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏதாவது சொன்னாவளாக்கா?"

"தண்ணிக்குள்ள பேச முடியாதும்மா."

வாசலில் கிளைட்டன் திரும்பாமலே கேட்டான். "கயிறு அசையல, இல்ல?"

ஜெப்ஸி ஒன்பதாவது ஃபைலை மூடினாள்.

"பெல்ட் கழண்டுட்டு. மிஷின் நின்னா காத்து நிக்கும். அன்னைக்கு மிஷினப் பாக்குற மூணாவது ஆளு வரல. கயித்த வள்ளத்துக் கட்டையில ஒரு சுத்துச் சுத்திட்டு பெல்ட்ட மாட்டப் போனேன். மூணு நிமிஷம் மேடம். மூணே நிமிஷம்."

ஜெப்ஸி விஜிலாவைப் பார்த்தாள். விஜிலா அசையவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "கயித்துல கட்டைத் தடம் இருந்துச்சு. நாந்தான அத அலசிப் போட்டேன்."



வேண்டியது கிடைத்துவிட்டது. மணி நான்கு. கடிதம் எழுதலாம். எழுதத் தாளை எடுக்கும்போதுதான் ஜெப்ஸி திரையை மறுபடி பார்த்தாள். ஐம்பத்தொன்று சதவீதம். மீட்ட ஃபைல்கள்: இரண்டாயிரத்து எழுபது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்தொன்று ஆனது.

கணக்கிடும் மென்பொருளில் கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். பத்தாவதைத் திறந்தாள்.

அக்டோபர் மூன்று, 10.53.

பச்சைத் தண்ணீர். மேலே, தூரத்தில், ஒரு கயிறு ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அதன் நுனியில் சின்னதாக, கறுப்பாக, ஒன்று ஆடியது. கேமரா.

கேமரா மேலே போகிறது. அதைக் கீழேயிருந்து பார்ப்பது எது?

அவள் ஹெட்போனை மாட்டவில்லை. மேசையில் கிடந்த அதிலிருந்தே கேட்டது. மூச்சு. குழாய் இல்லாத, குமிழி இல்லாத மூச்சு. தண்ணீரையே இழுத்துத் தண்ணீரையே விடுகிற மூச்சு.

இருநூறாவதைத் திறந்தாள். அக்டோபர் நான்கு. இருட்டு. மூச்சு. ஆயிரத்து எண்ணூறு. அக்டோபர் பதினைந்து. இருட்டு. மூச்சு. கிட்டத்தில் ஒரு கை, விறைத்த கயிற்றைப் பிடித்தபடி. அன்றைக்கு வள்ளத்தில் ஏற்றிவிட்ட கயிறு. அது மேலே இருட்டுக்குள் போனது. கை ஒருமுறை இழுத்தது. பொறுத்து, மூன்று முறை.

துண்டின் மேல் டிஸ்க் தட்டியது. அதே நேரத்தில். ஒன்று. மூன்று.

நோட்டில் அவள் பெருக்கிப் பார்த்தாள். பழக்கம். பத்து நிமிஷம் ஒரு ஃபைல். நாளுக்கு நூற்று நாற்பத்து நாலு. அக்டோபர் மூன்றிலிருந்து இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள். ஆறாயிரத்து நாற்பத்தெட்டு. இன்றைய பகலுக்குக் கொஞ்சம்.

திரையில் மூவாயிரத்து நானூறு. அறுபது சதவீதம். வேகம் கூடிக்கொண்டே வந்தது.

"அண்ணே, அந்த வயரை விடுங்க."

"பாதியில விடக்கூடாதுன்னு சொன்னீங்க."

"நமக்கு வேண்டியது வந்தாச்சு. விடுங்க, நிறுத்திருதேன்."

"ஒருக்க விட்டேன் மேடம்." அவன் இப்போது அவளைப் பார்த்தான். கண்ணில் பயம் இருந்தது, அவளுடையதைவிட அதிகமாக. "இனி எப்படி விட?"

கேபிள் அவன் கையிலிருந்து மேசைவரை விறைத்து நின்றது. அவன் இழுக்கவில்லை. டிஸ்க்கும் நகரவில்லை. இருந்தும் விறைத்து நின்றது. ஜெப்ஸி சுவர்ப் பக்கம் சாய்ந்து கம்ப்யூட்டரின் சுவிட்சைத் தொட்டாள். தொட்ட விரலை அழுத்த முடியவில்லை. அழுத்தினால் ஒன்பதாவதும் போகும். விஜிலாவுக்கு ஏழு வருஷம்.

"எழுதுங்கக்கா" என்றாள் விஜிலா. "நாலரை ஆகப்போகுது."

ஜெப்ஸி எழுதினாள். இடம், தூத்துக்குடி. நாள். பெறுநர். பொருள்: புன்னைக்காயல் திரு. தொம்மை அவர்களின் வீடியோப் பதிவு குறித்து. ஒன்று: மேற்படி டிஸ்க்கிலிருந்து ஒன்பது ஃபைல்கள் மீட்கப்பட்டன. இரண்டு: ஒன்பதாவது ஃபைலில் காற்று நின்றுபோவதும், அன்னார் கயிற்றை இழுத்து உதவி கேட்பதும், பின் அசைவற்றுப் போவதும் தெளிவாகத் தெரிகிறது.

டொக்.

மூன்று என்று போட்டாள். பேனா நின்றது.

மூச்சு மேசையிலிருந்து வந்தது. உண்மை எழுதினால் யார் நம்புவார்? நம்பினால் இன்னும் மோசம். இந்தப் பெண் இன்னும் எத்தனை நாள் கடற்கரையில் போய் நிற்பாள்?

டொக் டொக் டொக்.

மூன்று: இந்த ஒன்பதைத் தவிர டிஸ்க்கில் வேறு பதிவு எதுவும் இல்லை. திரு. தொம்மை அக்டோபர் மூன்றாம் தேதி காலை 10.52க்கு முன் கடலில் இறந்துவிட்டார்.

இறந்துவிட்டார் என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தாள். தட்டல் நின்றது.

அறை அமைதியானது. மழை மட்டும். கையெழுத்துப் போட்டாள். சீல் அடித்தாள். உறைக்குள் வைத்து, மடிப்பில் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். விஜிலா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் ஏதோ இளகியது.

"நல்லாருப்பீங்கக்கா. இதக் குடுத்துட்டு வாரேன். அண்ணே, இங்கனயே இரு."

கிளைட்டனைத் தாண்டிப் படியிறங்கினாள். கீழ்ப்படிகளில் அவள் செருப்பு தண்ணீரில் சளப் சளப் என்றது.

ஜெப்ஸி சன்னலுக்கு வந்தாள். எதிர்ச் சாரியில் தபால் நிலையம். திறந்திருந்த சன்னல் வழியாகக் கவுண்டர் தெரிந்தது. குடை சாலையைக் கடந்தது. வரிசையில் இரண்டு பேர்.

பின்னால் கம்ப்யூட்டர் ஒருமுறை மணி அடித்தது. நூறு சதவீதம்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். ஃபைல்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நின்றன. கறுப்பு. கறுப்பு. கரும்பச்சை. பச்சை. கடைசி வரிசையில் சாம்பல் வெளிச்சம். மழை நாளின் வெளிச்சம். கடைசிப் படத்தின் கீழே நேரம், இன்றைக்கு, 4.40.

சுவரில் மணி நான்கு நாற்பத்தொன்று.

அதை அவள் திறக்கவில்லை.

கேபிள் தரையில் கிடந்தது. கிளைட்டன் அதை விட்டுவிட்டான். காலை நிலையில் உதைத்து, முதுகைப் பின்னால் சாய்த்து, வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தான். வலக்கை. இடக்கை. வலக்கை. படிக்கட்டின் இருட்டுக்குள்ளிருந்து, கையில் எதுவும் இல்லாமல். உள்ளங்கை கிழிந்து ரத்தம் மணிக்கட்டில் வழிந்தது. அவன் மடியில் தண்ணீர் சொட்டியது. இழுத்த ஒவ்வொரு முழத்துக்கும் தண்ணீர்.

"கனக்குது மேடம்" என்றான். அழுதுகொண்டிருந்தான். "அன்னைக்கு கனக்கவே இல்ல."

"விடுங்கண்ணே. விட்ருங்க."

"முடியல. பிடிச்சிருக்கான்."

எதிரே, விஜிலாவின் முறை வந்தது. உறையைக் கவுண்டருக்குள் நீட்டினாள். உள்ளே ஒரு கை வாங்கியது. எடை பார்த்தது. ரசீது கிழித்தது. முத்திரை விழுந்தது. உறை, தொங்கவிட்டிருந்த தபால் பையின் வாய்க்குள் போனது.

விஜிலா வெளியே வந்தாள். மழையில் குடையை விரிக்கவில்லை. நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள். ஜெப்ஸியைப் பார்த்துச் சிரித்தாள். சாலையைக் கடக்க ஆரம்பித்தாள்.

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள் ஜெப்ஸி. தொண்டையில் உப்புத்தான் இருந்தது.

பின்னால் கிளைட்டனின் மூச்சிரைப்பு நின்றது.

திரும்பினாள்.

வாசல்படியின் விளிம்பை, கீழேயிருந்து, நான்கு விரல்கள் பிடித்திருந்தன. வெளுத்து, ஊறி, நகமில்லாமல். புறங்கை முழுக்கச் சிப்பிகள், கைநகம் அளவு, அடர்த்தியாக ஒட்டி வளர்ந்திருந்தன. அவை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. மூடின. திறந்தன.

அதற்கும் கீழே, படிகளில், விஜிலாவின் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.